பத்து ரூபாய் ஸ்டாம்பா, 1100-ஆ? மலையில் கட்டட அனுமதியை எதிர்ப்பவர்களுக்கான அரசு சேவைகள்: ஒரு மதிப்பீடு

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ ஒரு சரிவில் பொக்லைன் ஏறிவிட்டது. வீடு கட்டப் போகிறார்கள் என்றார்கள். இப்போது தூண்களை எண்ணினால் பதினான்கு அறை தேறும். இந்த நிலையில் மாட்டிக்கொண்ட தெருக்காரர்களுக்கு அரசு தரப்பில் ஏழெட்டுச் சேவைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம், மிஞ்சினால் பத்து ரூபாய். எதை முதலில் எடுப்பது என்பதில்தான் எதிர்ப்பவர்கள் தோற்கிறார்கள். முதல் திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பார்கள். மனுவில் “விதிமீறல் கட்டடம்” என்று இருக்கும். எந்த விதி, எந்த பிளான், எத்தனை அடி என்று இருக்காது. “உரிய அனுமதி பெற்றே கட்டப்படுகிறது” என்று ஒற்றை வரியில் பதில் வரும். கோப்பு மூடப்படும். அதற்குப் பிறகு அதே விஷயத்தை எழுப்பினால் “ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டது” என்பார்கள்.

ஆகவே இந்தச் சேவைகளை மதிப்பிட ஒரே கேள்விதான் வைத்திருக்கிறோம்: கையில் ஒரு காகிதத்தைத் தருகிறதா, இல்லை நம் காகிதத்தை வாங்கிக்கொள்கிறதா? முதல் வகைக்குத்தான் மதிப்பெண். அனுமதி கொடுத்த பிளான் ஒரு கையிலும் தரையில் நிற்பது மறு கையிலும் இருந்தால்தான் மனு என்ற ஒன்றுக்கே அர்த்தம்.

இ-சர்வீசஸ் நில ஆவணத் தளம்

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம், நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேடு என எல்லாம் ஒரே இடத்தில், காசில்லாமல். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் போதும். நகராட்சிக்குள் என்றால் வார்டு, பிளாக், நகரப் புல எண். பலர் சறுக்குவது இங்கேதான். பழைய பத்திரத்தில் இருக்கும் கிராமப் புல எண்ணை வைத்து நகரப் பகுதியில் தேடி, “தகவல் இல்லை” என்றதும் விட்டுவிடுவார்கள்.

சிட்டாவைவிட ‘அ’ பதிவேட்டை முதலில் எடுங்கள். சிட்டா உரிமையாளர் பெயரைச் சொல்லும். ‘அ’ பதிவேடு அந்த நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), புறம்போக்கா, நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டதா என்று சொல்லும். குறிப்புக் கலத்தில் ஒரு சொல் கிடந்தால் அதுவே பாதி வழக்கு. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் ‘செக்‌ஷன் 17’ நிலமா, அதாவது உரிமை இன்னும் தீராத நிலமா என்பதை எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டும். அப்படி என்றால் கட்டட அனுமதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நில உரிமையைப் பற்றியே பேச வேண்டிவரும்.

பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0.08.50 என்றால் எட்டரை ஏர். 850 சதுர மீட்டர். ஏறத்தாழ 21 சென்ட். பிளானில் மனைப் பரப்பு 30 சென்ட் என்று காட்டியிருந்தால், மீதி 9 சென்ட் பக்கத்து ஓடைப் புறம்போக்கிலிருந்து வந்ததா என்று கேட்க இடமிருக்கிறது. புலப்படத்தில் ஓடையும் பாதையும் குறிக்கப்பட்டிருக்கும், அளவுகள் மீட்டரில். ஆனால் சரிவு எவ்வளவு என்று அதில் தெரியாது, உட்பிரிவான பிறகு புதுப்படம் ஏறாத புலங்களும் உண்டு. அந்தக் குறைக்காக ஒரு மதிப்பெண் கழித்தாலும் ஐந்துக்கு நான்கு.

ஒரு எச்சரிக்கை. பட்டாவில் ‘புன்செய்’ என்று இருப்பதால் அங்கே கட்டடம் கட்டக் கூடாது என்று வாதாட வேண்டாம். வருவாய்த் துறையின் புன்செய் வேறு, மாஸ்டர் பிளானின் விவசாய மண்டலம் வேறு. முன்னது தீர்வைக்கான வகைப்பாடு. பின்னதுதான் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி கட்டுப்படுத்தும். அந்தச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி நிலத்தைத் திட்டத்துக்கு இணங்கவே பயன்படுத்த வேண்டும். இரண்டையும் குழப்பிய மனுவை முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை.

பதிவுத் துறையின் வில்லங்கச் சான்று

இதையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எதிர்ப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பத்திரம் நமக்கு எதற்கு என்று நினைக்கிறார்கள். ஆனால் மலையில் அதிகம் நடக்கும் ஒரு தந்திரம் இதில்தான் பிடிபடும். பெரிய திட்டத்தை ஒரே விண்ணப்பமாகப் போட்டால் மேலே, ‘டிரிபிள் ஏ’ என்று அழைக்கப்படும் கட்டடக்கலை அழகியல் குழு வரைக்கும் போக வேண்டும். அதனால் நிலத்தை நாலைந்து துண்டாக்கி, உள்ளாட்சியே கையெழுத்துப் போடக்கூடிய அளவுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வீடாக விண்ணப்பிப்பார்கள். வில்லங்கத்தில் ஒரே வாரத்தில் ஒரே குடும்பத்துக்குள் மூன்று தானசெட்டில்மென்ட், ஒரே ஆளுக்கு மூன்றிலும் பவர் என்று வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்று பிளானையும் ஒட்டிப் பார்த்தால் நடுவில் சுவரே இல்லாமல் ஒரு ரிசார்ட் தெரியும்.

தேடும்போது தாய்ப் புல எண்ணையும் அதன் எல்லா உட்பிரிவுகளையும் தனித்தனியாகப் போட வேண்டும். 212/3 என்று மட்டும் தேடினால் 212/3ஏ1 வராமல் போகலாம். படிவம் 15 என்றால் பரிவர்த்தனை உண்டு, 16 என்றால் இல்லை. ஐந்துக்கு மூன்றரை.

மாஸ்டர் பிளான் வரைபடங்கள்

இணையத்தில் உள்ளவை பழைய ஸ்கேன். புல எண்கள் ஈ மொய்த்தது போல இருக்கும். பெரிதாக்கினால் ஈ பெரிதாகும். மண்டல எல்லை எந்தப் புலத்தை வெட்டுகிறது என்று கண்ணால் முடிவு செய்து மனுவில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திடம் அந்தப் புல எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று எழுத்தில் வாங்குவதுதான் வழி. ஒன்றரை மதிப்பெண், அதுவும் வண்ணங்களுக்காக.

நிலப் பயன்பாட்டையே மாற்றக் கேட்கிறார்கள் என்றால் கதை மாறும். சாதாரணக் கட்டட அனுமதிக்கு அக்கம்பக்கத்தாரைக் கேட்கும் பழக்கம் இங்கே இல்லை. மண்டல மாற்றத்துக்கு அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த அறிவிப்பு வரும். அதில் குறித்த கெடுவுக்குள் எழுதியவரின் ஆட்சேபத்துக்கு இருக்கும் எடை, பிறகு நூறு பேர் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு இல்லை. பேப்பர் வாங்கும் ஒருவருக்கு அந்தப் பக்கத்தைத் தினமும் பார்க்கும் வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம்

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இந்தப் பட்டியலில் ஐந்துக்கு ஐந்து வாங்கக்கூடியது இது ஒன்றுதான், சரியாகக் கேட்டால். தப்பாகக் கேட்டால் முப்பது நாள் வீண்.

“ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?” என்று கேட்கக் கூடாது. ஏன் என்பது தகவல் ஆகாது என்று திருப்புவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். புல எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வந்த கட்டட அனுமதி விண்ணப்பங்கள், அனுமதி ஆணை, ஒப்புதல் முத்திரையிட்ட வரைபடம், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு திருத்திய வரைபடமும் அது வந்த தேதியும், துறைகளின் தடையின்மைச் சான்றுகள், கள ஆய்வுக் குறிப்பு, கோப்பின் குறிப்புப் பக்கங்கள். கடைசியில் மறக்காமல் ஒரு வரி: இவை அனைத்தையும் 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்வையிட விரும்புகிறேன்.

அந்தக் கடைசி வரிதான் தங்கம். பிளான் பெரிய தாள். ஏ4 பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க் கணக்கில் அது அடங்காது, நகலெடுக்க மெஷின் இல்லை என்பார்கள், பாதியை மட்டும் ஜெராக்ஸ் போட்டுத் தருவார்கள். நேரில் பார்வையிட்டால் முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை, கோப்பு முழுசாக முன்னால் வரும். எந்தப் பக்கம் வேண்டும் என்று குறித்துக் கொடுத்து நகல் வாங்கலாம். குறிப்புப் பக்கத்தில் கீழ்நிலை அலுவலர் எழுதிய ஆட்சேபம் பென்சிலில் அடிக்கப்பட்டிருப்பதெல்லாம் நகலில் தெரியாது, கோப்பில் தெரியும்.

மூன்று விண்ணப்பம் தனித்தனியாகப் போடுங்கள்: உள்ளாட்சிக்கு ஒன்று, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று, தாலுகா அலுவலகத்துக்கு ஒன்று. ஒரே மனுவை 6(3) பிரிவில் ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், அந்த ஐந்து நாள் மலைப்பாதையில் லாரி ஏறுவது போல ஏறும். முப்பது ரூபாய் செலவில் இரண்டு மாதம் மிச்சம். மூன்று பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவது ஒரு கூடுதல் லாபம்.

“மூன்றாம் நபர் தகவல்” என்று மறுப்பது வழக்கமான பதில். அப்படி வந்தால், 11-ஆம் பிரிவு மூன்றாம் நபரின் கருத்தைக் கேட்கும் நடைமுறைதானே தவிர, அவர் வேண்டாம் என்றாலே மறுத்துவிடலாம் என்பதல்ல என்று சுட்டிக்காட்டி, சரிவு நிலமும் ஓடையும் கீழே குடியிருப்பும் சம்பந்தப்பட்ட பொதுநலன் என 8(2) பிரிவையும் சேர்த்து, முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிலே வராவிட்டாலும் அதே கணக்கு. அடுத்தது 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம். அதற்குள் கட்டடம் வெள்ளையடித்துவிடும். முதல் மேல்முறையீட்டிலேயே கோப்பை வாங்கிவிடப் பாருங்கள்.

கையில் வந்த பிளானில் என்ன பார்ப்பது

முதலில் தேதிகள். நீலகிரியும் கொடைக்கானலும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருபவை. ‘ஹாகா’ என்றால்தான் அலுவலகத்தில் புரியும். இந்தக் கிராமங்களில் வனத்துறை, புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை போன்றவற்றின் தடையின்மைச் சான்று கோப்பில் இருக்கும். அந்தச் சான்றின் தேதி எது, அதில் குறிப்பிட்ட பிளான் எது, இப்போது கட்டப்படும் பிளான் எது? பத்துக்கு ஏழு கோப்புகளில் ஓட்டை இங்கேதான் இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். இரண்டு மாடி வீட்டுக்கு வாங்கிய சான்று, திருத்திய பிளானிலும் அப்படியே இணைக்கப்பட்டிருக்கும். புவியியல் துறை “இவ்வளவு ஆழத்துக்கு மேல் மண் வெட்டக் கூடாது” என்று போட்ட நிபந்தனை பழைய கட்டடத்துக்கானது; புதிய கட்டடத்தின் அடித்தளம் அதைவிடக் கீழே போகிறது. “சான்று எந்த பிளானுக்கு?” என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் எழுத முடியாது.

அடுத்து வெட்டுமுகப் படம். சரிவில் ஏற்கெனவே இருந்த தரைமட்டம் புள்ளிக்கோட்டிலும், கட்டிய பின் வரப்போவது முழுக்கோட்டிலும் இருக்கும். கீழ்ப்பக்கம் மண் கொட்டி மேடாக்கி, அங்கிருந்து அளந்தால் மூன்று தளம் இரண்டாகிவிடும். சாலையிலிருந்து பார்த்தால் ஒரு தளம், ஓடையிலிருந்து பார்த்தால் நாலு தளம் நிற்கும் கட்டடங்கள் இப்படி வந்தவைதான். 1993-ஆம் ஆண்டு மலைவாசஸ்தலக் கட்டட விதிகள், நீலகிரியில் எல்லோர் வாயிலும் உள்ள 7 மீட்டர் உயர வரம்பு என்று பொதுவாக வாதாடுவதைவிட, அந்த அனுமதி ஆணையிலேயே எழுதிய உயரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்களே எழுதியது, மறுக்க முடியாது.

பிறகு அறைகள். ‘குடியிருப்பு’ என்று எழுதிய பிளானில் எட்டுப் படுக்கையறை, எட்டுக்கும் தனித்தனிக் குளியலறை, ஒவ்வொன்றுக்கும் வராந்தாவிலிருந்து நேர் கதவு, சமையலறை ஒன்றே ஒன்று என்று இருந்தால் அது வீடு அல்ல. குளியலறைகளை எண்ணி, செப்டிக் டேங்க் அளவையும் தண்ணீர்த் தொட்டியின் லிட்டரையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு எதற்கு என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அட்டவணை தானே கேட்கும். செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறது, கீழே யாருடைய ஊற்று இருக்கிறது என்பதையும் குறியுங்கள்.

தரையில் நிற்பதைக் காட்ட, தேதியும் இடக்குறியீடும் பதியும் கேமரா செயலி போதும். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்தினால் எந்த ஆண்டு சோலை இருந்தது, எந்த ஆண்டு செம்மண் தெரிந்தது என்று பார்க்கலாம். மழைக்காலப் படங்கள் மேகம்தான். ஜனவரி முதல் மார்ச் வரையிலானவை தெளிவு. ஆனால் அதில் காட்டும் உயரத்தை நம்பி ஏழா எட்டா என்று சண்டைக்குப் போகாதீர்கள். சரிவில் சில மீட்டர் பிசகும்.

பொக்லைன் புகார்: ஆர்.டி.ஓ., தாசில்தார்

பிளான் மீறல் மெதுவாக நகரும், மண் வெட்டும் புகார் வேகமாக நகரும். நீலகிரியில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கொடைக்கானலிலும் இந்த இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. வண்டி கண்ணுக்கு முன்னால் நிற்பதால் வருவாய்த் துறைக்குப் பறிமுதல் செய்வது எளிது. வண்டி எண், நேரம், இடம், படம் இந்த நான்கும் இருந்தால் போனிலேயே வேலை நடக்கும். இரவில்தான் வெட்டுவார்கள், புகார் அந்த இரவே போக வேண்டும், காலையில் வண்டி தார்ப்பாயின் கீழ் இருக்கும்.

இதை உயிர் பயமாகவே எழுதலாம், மிகை இல்லை. 2009 நவம்பர் மழையில் ஊட்டி, குன்னூர், கேத்தி சுற்றுவட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவில் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே கட்டுமான இடத்தில் ஆறு பெண் தொழிலாளர்கள் மண்ணில் புதைந்து இறந்தபோது மழையே இல்லை. செங்குத்தாக வெட்டிய முகம், நீர் வடியத் துளை இல்லாத தடுப்புச்சுவர், சரிவின் அடிவாரத்திலேயே கை வைப்பது ஆகிய மூன்றும் கண்ணால் பார்க்கக் கூடியவை. புகாரில் இந்த மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஐந்துக்கு நான்கு.

1100, திங்கட்கிழமை மனு

முதல்வரின் முகவரி உதவி எண்ணான 1100 புகாரைக் கேட்கும், மனு எண் தரும், குறுஞ்செய்தி அனுப்பும். பிறகு யார் மீது புகாரோ அவர் மேசைக்கே அனுப்பும். ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் தேதிக்காக. நாம் எப்போது சொன்னோம், அவர்கள் எப்போது அறிந்தார்கள் என்பதற்கு அரசே தரும் முத்திரை அது.

அதனால் மனுவை ஆம்-இல்லை என்று பதில் வரும்படி எழுத வேண்டும். “ஆணை எண் இன்னது, அதில் தளம் இரண்டு, இன்று தளம் மூன்று. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி வேலை நிறுத்த அறிவிப்பு கொடுக்கப்பட்டதா?” அவ்வளவுதான். “இந்தக் கோப்பிலும் இதன் தொடர்ச்சியாக வரும் எந்தத் திருத்திய பிளானிலும் எங்கள் ஆட்சேபத்தைப் பரிசீலிக்காமல் முடிவெடுக்க வேண்டாம்” என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் அவர்கள் பிளானை மாற்றியதும் உங்கள் மனு பழைய கோப்போடு புதைந்துபோகும். ஒரு நகலை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆன பக்கத்தை அன்றே அச்செடுங்கள். மனு மூடப்பட்டால், அந்த மனு எண் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பைத் தகவல் உரிமையில் கேளுங்கள்.

கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடும் ‘லாக் அண்ட் சீல்’ அறிவிப்பு வந்தாலும் கொண்டாட வேண்டாம். உரிமையாளர் அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு போவார். அங்கே எதிர்ப்பவர் தரப்பு என்று யாரும் இருக்க மாட்டார்கள், நீங்களாகப் போய் எழுத்து மூலம் கேட்டால் ஒழிய.

நீதிமன்றம், தீர்ப்பாயம்

தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னையில். பலர் நேராக அங்கே ஓடுகிறார்கள். அது ஏழு சட்டங்களுக்குள்தான் நிற்கும். நகர் ஊரமைப்புச் சட்டம் அந்த ஏழில் இல்லை. மாடி கூடிவிட்டது, சுற்றிலும் விட வேண்டிய இடம் (செட்பேக்) இல்லை என்பது மட்டும் வழக்கு என்றால் வாசலிலேயே திரும்ப வேண்டிவரும். ஓடையில் கழிவு, வனநிலம் என்று இருந்தால் சரி. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஆறு மாதக் கெடு உண்டு, அதற்குமேல் அறுபது நாள் வரைதான் மன்னிப்பு. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவில்லை என்ற வாதமும் 20,000 சதுர மீட்டருக்குக் கீழே உள்ள கட்டடத்துக்குப் பொருந்தாது. மலையில் பெரும்பாலான ரிசார்ட்டுகள் அதற்குள் அடங்கிவிடும்.

மாடிக் கணக்குக்கு உயர் நீதிமன்றம்தான். கொடைக்கானலில் அனுமதியை மீறி மாடிகள் எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு அரசே விதிவிலக்கு தந்தும், பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பு தொடுத்த வழக்கில் அது நிற்கவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தது. அந்த வழக்கின் முதுகெலும்பும் அனுமதித்த பிளானுக்கும் கட்டிய கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பெரும்பாலும் முதல் உத்தரவு “மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்” என்றே வரும். பரிசீலிக்க வேண்டிய அந்த மனு, நீங்கள் முன்பு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியது. அதில் எண்கள் இல்லாவிட்டால் உத்தரவும் வெறும் தாள். நீலகிரிக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், கொடைக்கானல்காரர்கள் மதுரைக் கிளைக்கு. வக்கீலைப் பேசும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய வணிகக் கட்டடம் என்றால் நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு தரக் கூடாது என்று மின்வாரியத்தின் உதவி செயற்பொறியாளருக்கும் ஒரு நகல் போடுங்கள். கூரை ஏறிய பிறகு மிச்சமிருக்கும் பிடி பெரும்பாலும் அது ஒன்றுதான்.